திருப்பாப்புலியூர் 'ரேடியோ கடை': போனைத் திறக்கும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுகிற இடம்

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்குப் போன் என்பது ஓடிபி வருகிற பெட்டி. அது கெட்டுப்போனால் பட்டா மாறுதல் நிற்கும், பிள்ளையின் ஸ்காலர்ஷிப் நிற்கும், பென்ஷன் சரிபார்ப்பு நிற்கும். "அக்கா, கடலூர்ல நம்பிக் குடுக்கிற மாதிரி செல்போன் கடை எது?" என்று வாரம் தவறாமல் யாராவது கேட்பார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடை லாரன்ஸ் ரோட்டிலிருந்து பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பிரிகிற ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் மங்கி எழுத்தே தெரியாது. 'ரேடியோ கடை' என்று கேட்டால் ஆட்டோக்காரர் யாரும் கொண்டுபோய் விடுவார். இப்போது கடையை நடத்துகிற மெக்கானிக் தம்பியின் அப்பா அங்கே ரேடியோவும் அப்புறம் டிவியும் பார்த்த காலத்துப் பெயர் அது. இப்போது தம்பி செல்போன் மட்டும்தான் பார்க்கிறார். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்ராஸ்கோப், ஹாட் ஏர் மெஷின், நீல ரப்பர் விரிப்பு, அப்பா விட்டுப்போன பழைய மல்டிமீட்டர், அதன் பக்கத்தில் கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற நீள நோட்டு ஒன்று.

என் மகள் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவளுடைய ஐபோன் 11 கைநழுவி விழுந்து திரை முழுக்க விரிசல். முதலில் அங்கேயே ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். அரை மணியில் மாற்றித் தருகிறோம், எல்லாம் ஒரிஜினல் என்றார்களாம். முகம் பார்த்துப் பூட்டைத் திறக்கிற ஃபேஸ் ஐடி வேலை செய்யுமா என்று இவள் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, குடும்மா" என்று கையை நீட்டியிருக்கிறார்கள். கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். பிறகுதான் ரேடியோ கடைக்குப் போனோம்.

தம்பி போனை வாங்கியதும் திருகாணியைத் தேடவில்லை. முதலில் பில் கேட்டார். போன் யார் கணக்கில் இருக்கிறது என்று கேட்டார். மகளையே முகத்தைக் காட்டச் சொல்லி ஃபேஸ் ஐடி திறக்கிறதா என்று பார்த்தார். முன் கேமரா, பின் கேமரா, காது ஸ்பீக்கர், சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தை மாற்றுகிற ட்ரூ டோன் எல்லாவற்றையும் எங்கள் கண் முன்னாலேயே சோதித்து நோட்டில் டிக் போட்டுக்கொண்டார். அதன் பிறகு பேசினார்:

"அக்கா, நான் போடப்போறது கம்பெனி டிஸ்ப்ளே இல்ல. போட்டதும் 'இது அசல் டிஸ்ப்ளேவான்னு உறுதிப்படுத்த முடியல'ன்னு போன்ல மெசேஜ் வரும். கொஞ்ச நாள் லாக் ஸ்கிரீன்ல நிக்கும், அப்புறம் செட்டிங்ஸ்ல அபவுட் பக்கத்துல இருந்துக்கிட்டே இருக்கும். அத நான் எடுக்க முடியாது. ட்ரூ டோன், பழைய டிஸ்ப்ளேல உள்ள சிப் உயிரோட இருந்தா அதுலேர்ந்து படிச்சுப் புதுசுல எழுதிடுவேன். ஃபேஸ் ஐடி போகாதுன்னுதான் நெனைக்கிறேன், ஆனா போகவே போகாதுன்னு எழுதித் தர மாட்டேன். யோசிச்சு சொல்லுங்க."

நான் இந்தக் கடைக்கு நட்சத்திரம் போடுவது இந்தப் பேச்சுக்காகத்தான். டிஸ்ப்ளே மாற்றத் தெரிந்தவர்கள் நம் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். மாற்றினால் என்னவெல்லாம் போகும், எது திரும்பாது, அதற்கு யார் காரணம் என்று திறக்கும் முன்பே சொல்கிற ஆள் அபூர்வம்.

சம்மதித்தோம். வேலை நடக்கும்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விட்டார், அதனால் இதை நேரில் கண்டே எழுதுகிறேன். அடியில் உள்ள இரண்டு சின்னத் திருகாணிகளைக் கழற்றி, ஓரத்தைச் சூடாக்கி, மெல்லிய தகட்டை நுழைத்துத் திரையைத் தூக்கினார். பேட்டரி இணைப்பைத்தான் முதலில் கழற்றினார். அதற்கப்புறம் மின்விசிறியை அணைத்தார். பழைய திரையின் மேல் விளிம்பில், காது ஸ்பீக்கரோடு சேர்த்து ஒட்டிய ஒரு ஃபிளெக்ஸ், அதாவது வளைகிற மெல்லிய ஒயர்ப் பட்டை, இருக்கிறது. நகத்தின் அகலம்கூட இல்லாத பட்டை. முகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிற சின்ன விளக்கு அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை அந்தப் போனின் போர்டோடு மட்டும்தான் பேசும். கிழிந்துபோனால் வேறு போனிலிருந்து அதே பட்டையை எடுத்துப் போட்டாலும் ஃபேஸ் ஐடி வராது. ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் விட்டு, இளஞ்சூடு காட்டி, பிளாஸ்டிக் முனையால் பசையிலிருந்து அதைப் பிரித்த நேரம் முழுக்க தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் வந்து நின்ற டீக்காரப் பையனைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டையைப் புதுத் திரைக்கு மாற்றினார். பிறகு தீப்பெட்டி அளவு கருவி ஒன்றில் பழைய திரையைச் சொருகி உள்ளே இருந்த எண்களைப் படித்து, புதுத் திரையில் எழுதினார். பசை போடும் முன் மகளைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டச் சொன்னார். திறந்தது. ட்ரூ டோனும் வந்தது. அவர் சொன்ன மெசேஜும் சொன்னபடியே வந்தது. முன்பே தெரிந்திருந்ததால் மகளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார். வேலையைப் பார்த்த எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

திரை கண்ணாடிதானே, அதற்கு எதற்கு இவ்வளவு காபந்து என்று அன்று கேட்டேன். திருட்டுக்குப் போட்ட பூட்டு இது என்றார் தம்பி. அவர் சொன்னதை வைத்து நானும் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஆப்பிள் ஆக்டிவேஷன் லாக் கொண்டுவந்தது. திருடியவன் போனை அழித்து வைத்தாலும், பழைய கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் அது திரும்ப ஓடாது. 2015இல் ஆண்ட்ராய்டு 5.1இல் கூகுளும் அதே வேலையைச் செய்தது. கடைக்காரர்கள் எஃப்ஆர்பி என்று சொல்வது அதைத்தான். இதுவரை நியாயம். அதன் பிறகு பூட்டு போனுக்குள்ளே இருக்கிற பாகங்களுக்கும் இறங்கியது. 2016இல், கைரேகை பட்டனை வெளியில் மாற்றிய ஐபோன் 6 வகைப் போன்கள் அப்டேட் போட்டதும் 'எரர் 53' என்று காட்டிச் செத்துப்போயின. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் வெளியிட்டது. அந்தப் போன்களைச் சரிசெய்து தர மறுத்தது தொடர்பாக வாடிக்கையாளர்களிடம் தவறாகச் சொன்னதற்கு 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. 2021இல் ஐபோன் 13 வந்தபோது வெளியில் திரை மாற்றினாலே ஃபேஸ் ஐடி நின்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அதையும் அப்டேட்டில் சரிசெய்தார்கள். கேட்டால்தான் கிடைக்கிறது என்பது எனக்கு இதில் தெரிகிறது.

பேட்டரி விஷயம் இன்னும் மோசம். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து வெளியில் பேட்டரி மாற்றினால் அசல்தானா என்று தெரியவில்லை என்கிற அறிவிப்பு வரும், பேட்டரி எத்தனை சதவீதம் நலமாக இருக்கிறது என்பதும் பல வருடம் காட்டாமல் இருந்தது. அந்த அறிவிப்பு வராமல் இருக்க, பழைய பேட்டரியின் தலையில் இருக்கிற சின்ன போர்டை வெட்டி எடுத்துப் புது செல்லில் வெல்டிங் வைக்கிற பழக்கம் பல கடைகளில் உண்டு. லித்தியம் செல்லின் முனையில் சூடு வைக்கிற வேலை அது. ரேடியோ கடையில் அதைச் செய்வதில்லை. "மெசேஜ் வந்தா வரட்டும்க்கா, பாக்கெட்ல தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?" என்கிறார். பாதுகாப்புக்கு என்று போட்ட ஓர் அறிவிப்பு, அதை மறைக்கப் பாதுகாப்பில்லாத வேலையைச் செய்யத் தூண்டுகிறது. கம்பெனிகள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

இனி அந்த நீள நோட்டு. பழுதுக்கு வருகிற ஒவ்வொரு போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), கொண்டுவந்தவர் பெயர், பில் இருக்கிறதா இல்லையா என்று அதில் எழுதுகிறார். போன் உயிரோடு இருந்தால் ஸ்டார், ஹாஷ், பூஜ்யம் ஆறு, ஹாஷ் அடித்து எண் பார்ப்பார். செத்த போனாக இருந்தால் சிம் தட்டிலோ பெட்டியிலோ பார்ப்பார். சந்தேகம் வந்தால் அந்த எண் முடக்கப்பட்டதா என்று 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கிறார். சிலருக்கு இது கோபத்தை உண்டாக்குகிறது. "நான் என்ன திருடனா?" என்று ஒருவர் போனைப் பிடுங்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். எனக்கு அந்த நோட்டின் அருமை தெரியும், ஏனென்றால் போன் தொலைத்தவர்கள் வந்து உட்காருவது என் கடையில்.

பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு முந்திரி வியாபாரி அம்மாவைச் சொல்கிறேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் பையிலிருந்த போன் போய்விட்டது. வங்கி, ஜிஎஸ்டி, வாங்கல் கொடுக்கல் எல்லாம் அதில். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனை முடக்குகிற சிஇஐஆர் விண்ணப்பம் போட்டேன். 2023 மே மாதத்திலிருந்து இது நாடு முழுக்க இருக்கிறது. புகார் நகல், பில், அடையாள அட்டை, ஓடிபி வருகிற ஒரு நம்பர் இருந்தால் போதும். அந்த ஐஎம்இஐ இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் ஓடாது. யாராவது சிம் போட்டால் போலீசுக்குத் தகவல் போகும். சில மாதங்கள் கழித்து அவருடைய போனைப் போலீசார் மீட்டுக் கொடுத்தார்கள். எடுத்தவன் அதை ரீசெட் செய்துவிட்டு, பழைய ஜிமெயில் கேட்டதால் உள்ளே போக முடியாமல் வைத்திருந்திருக்கிறான். இந்த அம்மா தன் ஜிமெயிலைப் போட்டதும் திறந்துகொண்டது. பிளாக்கை நீக்கவும் அதே தளத்தில் விண்ணப்பித்தோம். அன்று அந்த அம்மா அழுத அழுகையைப் பார்த்தவள் என்பதால், திருட்டுப் பூட்டே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது.

ஆனால் அதே பூட்டு சொந்தக்காரரையே வெளியில் நிறுத்துவதையும் பார்க்கிறேன். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், போனை வாங்கிக் கொடுத்தது பேரன், ஜிமெயில் திறந்ததும் பேரன். பேரன் வெளிநாட்டில். போன் அடிக்கடி உறைந்து போகிறது என்று ஏதோ ஒரு கடையில் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்துவிட்டார்கள். இப்போது பழைய ஜிமெயில் கேட்கிறது. பெரியவருக்கு அது என்னவென்றே தெரியாது. ஐந்நூறு ரூபாய்க்கு எஃப்ஆர்பி உடைத்துத் தருகிறோம் என்று சொன்ன கடைகளும் உண்டு, பில்கூடக் கேட்காமல். ரேடியோ கடைத் தம்பி பில்லைப் பார்த்தார், பெரியவரின் நம்பரைக் கேட்டார், பேரனுக்கு வீடியோ கால் போடச் சொன்னார். பேரன் அந்தப் பக்கத்தில் கணக்கை மீட்டுப் புது பாஸ்வேர்டு வைத்தான். பாஸ்வேர்டு மாற்றியதும் உடனே வேலையைத் தொடக்கூடாது, ஒரு நாள் பொறுத்து வாருங்கள் என்று தம்பி பெரியவரை அனுப்பிவைத்தார். மறுநாள் திறந்தது. ரீசெட் செய்ய வேண்டியிருந்தால் செட்டிங்ஸ் வழியாக, பின் நம்பர் போட்டு, சொந்தக்காரரே செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் இந்தப் பூட்டு விழாது. பட்டனை அழுத்தி வெளியிலிருந்து செய்தால் விழும். போனைக் கடையில் கொடுக்கிற எல்லோரும் இந்த ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜனவரியில் ஐபோனுக்கு இன்னொரு காவல் வந்தது, திருட்டுச் சாதனப் பாதுகாப்பு (ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்). பாஸ்கோடை எட்டிப் பார்த்துவிட்டுப் போனைப் பறிக்கிறவர்களுக்காகச் செய்தது. இது போட்டிருந்தால், பழகிய இடத்துக்கு வெளியே இருக்கும்போது தொலைந்த போனைத் தேட உதவுகிற ஃபைண்ட் மை வசதியை அணைக்கவோ கணக்கு பாஸ்வேர்டை மாற்றவோ முகம் காட்ட வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி முகம் காட்ட வேண்டும். பாஸ்கோடு செல்லாது. பழுதுபார்க்கிற கடை யாருக்குப் பழகிய இடம்? ஃபேஸ் ஐடியே கெட்டுப்போய் அதைக் காட்டத்தான் வருகிறார்கள் என்றால் முகத்தை எப்படிக் காட்டுவது? தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் உப்புத் தண்ணீர் ஏறிய போனோடு வந்து இதில் மாட்டிக்கொண்டான். போர்டு வேலை செய்து சாஃப்ட்வேர் திரும்ப ஏற்ற வேண்டியிருந்ததால் ஃபைண்ட் மை அணைந்திருக்க வேண்டும். "வீட்டுக்குப் போ, அங்க உக்காந்து அணைச்சுட்டு எடுத்துட்டு வா" என்று தம்பி அனுப்பினார். வீடு பழகிய இடம் என்பதால் அங்கே முகம் காட்டாமலே, கணக்கு பாஸ்வேர்டைப் போட்டு அணைக்க முடிந்தது. இந்த வழியைத் தெரியாத கடைக்காரர் என்ன சொல்லியிருப்பார்? போர்டு போச்சு, புதுப் போன் வாங்கிக்கோ என்றுதான்.

எனக்கு மனசு பொறுக்காத இடத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நம் பக்கத்துக் குடியிருப்புகளில் ஏறியது. தண்ணீரில் ஊறிய போன்கள் இந்தக் கடையில் பிளாஸ்டிக் கூடை கூடையாகக் கிடந்தன. பிழைக்காதவற்றைச் சிலர் தம்பியிடமே விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். போர்டு செத்திருக்கும், ஆனால் கேமரா நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும். அதே மாடல் வைத்திருக்கிற இன்னொரு ஏழைப் பிள்ளைக்கு அது கம்பெனிப் பாகம், பாதி விலையில்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் பழைய அசல் பாகங்களை ஏற்றுக்கொள்வோம் என்று அறிவித்தது. கேட்டதும் தம்பி சந்தோஷப்பட்டார். அதோடு சேர்த்து ஆக்டிவேஷன் லாக்கைப் பாகங்களுக்கும் நீட்டுவோம் என்றும் சொன்னார்கள், திருட்டுப் போனைப் பிரித்து விற்பதைத் தடுக்க. செப்டம்பரில் ஐஓஎஸ் 18இல் அது வந்தது. கழற்றிய போன் யாருடைய கணக்கில் பூட்டிக் கிடக்கிறதோ அவருடைய பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அந்தக் கேமராவோ திரையோ பேட்டரியோ புது உடம்பில் முழுசாக ஒட்டாது. வெள்ளத்தில் போனைத் தூக்கிப்போட்டுவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனவரைத் தேடிப் பிடித்து பாஸ்வேர்டு வாங்க முடியுமா? கூடையில் பாதி இப்படி வீணாகிக் கிடப்பதைத் தம்பி எடுத்துக் காட்டினார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, என் கடையில் நான் செய்து தருகிறேன். செத்த ஐபோனை விற்கவோ கொடுக்கவோ போகிறவர், எந்தக் கம்ப்யூட்டரிலாவது ஐகிளவுட் தளத்தில் தன் கணக்கில் நுழைந்து, ஃபைண்ட் மை பக்கத்தில் அந்தப் போனைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். போன் ஓடாமல் கிடந்தாலும் நீக்கலாம். பூட்டு போய்விடும், பாகங்கள் பிழைக்கும். ரேடியோ கடையில் இப்போது இதைச் செய்த பிறகுதான் பழைய போனை வாங்குகிறார். ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தாவது செய்ய வைக்கிறார்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். போனுக்குப் பூட்டு வேண்டும். அதன் சாவி போனை வாங்கியவரிடம் இருக்க வேண்டும். வீட்டுக்காரரே பக்கத்தில் நின்று ஜன்னலை மாற்றச் சொல்லும்போது, தச்சரைப் பார்த்துக் கதவு கூச்சல் போடக்கூடாது. பில் வைத்திருக்கிற, முகம் காட்டுகிற, பாஸ்வேர்டு போடுகிற சொந்தக்காரர் சம்மதித்தால் எந்தக் கடையில் எந்தப் பாகத்தைப் போட்டாலும் போன் அதை முழுசாக ஏற்க வேண்டும். பாகம் அசலில்லை என்று ஓர் ஓரத்தில் எழுதி வைக்கட்டும், விற்கும்போது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், அது சரி. வேலை செய்கிறதை நிறுத்துவது சரியில்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2024இல் இப்படிப் பாகங்களைப் பூட்டுவதைத் தடுத்துச் சட்டம் போட்டுவிட்டது. நம் நாட்டில் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு தளம் திறந்தது. கம்பெனிகளின் சேவை விவரங்களை ஒரே இடத்தில் பார்க்க அது உதவும். திருப்பாப்புலியூர் சந்தில் உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்குக் கருவியும் பாகமும் கொடு என்று கட்டாயப்படுத்தும் சட்டம்தான் நமக்கு வேண்டும். கம்பெனி சேவை மையம் எல்லா ஊரிலும் இல்லை. இருக்கிற ஊரிலும் கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு டோக்கன் வாங்கி உட்கார முடியாது.

பெண்களுக்காக ஒரு விஷயம். போனைக் கடையில் விட்டு வர நமக்குப் பயம், அது நியாயமான பயம். இந்தக் கடையில் பின் நம்பரை எழுதி வாங்குவதில்லை. சாம்சங் போன் என்றால் மெயின்டனன்ஸ் மோட், பிக்சல் என்றால் ரிப்பேர் மோட் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார். போட்டதும் போன் ஒருமுறை அணைந்து எழும். படங்கள், வாட்ஸ்அப், காண்டாக்ட் எதுவும் கடைக்காரருக்குத் தெரியாது, ஆனால் கேமரா, சார்ஜ், ஸ்பீக்கர் சோதிக்கலாம். நாம் வந்து பின் போட்டால்தான் பழையபடி ஆகும். தொடுதிரை செத்த ஆண்ட்ராய்டுப் போனுக்கும் வழி வைத்திருக்கிறார். சார்ஜ் துளையில் ஓடிஜி என்கிற இணைப்பியைப் போட்டு ஒரு கம்ப்யூட்டர் மவுஸைச் சொருகிக் கொடுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். திரையில் அம்புக்குறியை நகர்த்தி நம் பின்னை நாமே அடித்து, மோடையும் நாமே போட்டுக் கொடுக்கலாம். என் கடையில் வேலை பார்க்கும் பெண் அப்படித்தான் தன் போனைக் கொடுத்து வாங்கினாள். திரை சுத்தமாகக் கறுப்பாகிவிட்டால் இது முடியாது. அப்போது அங்கேயே நின்று முடித்து வாங்குவதுதான் ஒரே வழி, நிற்கவும் விடுகிறார்.

குறைகளும் சொல்ல வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வர வேண்டும், மழை நாளில் இன்னும் தாமதமாகும். போன் செய்தால் பாதி நேரம் எடுப்பதில்லை. தாமதம் ஆகும் என்றால் ஒரு மெசேஜ் போடலாம், அதுவும் போடுவதில்லை. ஓடிபிக்காகக் காத்திருக்கிறவருக்கு இது பெரிய சங்கடம், தம்பியிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். டிஸ்ப்ளேவுக்கு மூன்று மாதம் வாரண்டி வாயால்தான், பில்லில் எழுதிக் கேட்டால்தான் எழுதுகிறார். நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார நாற்காலி கிடையாது. வயதானவர்களைக் கூட்டிப்போனால் பாத்திரக் கடைக்காரரிடம் கேட்டு ஸ்டூல் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுகிறேன். அந்த ஒன்றைப் பிடித்துவைத்தது போன் எடுக்காததற்காக.

போகிறவர்கள் கையோடு எடுத்துப் போக வேண்டியது: போன் வாங்கிய பில் அல்லது பெட்டி, ஜிமெயிலோ ஆப்பிள் கணக்கோ அதன் பாஸ்வேர்டு நினைவில், போன் யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆள். ஐபோனில் திருட்டுச் சாதனப் பாதுகாப்பு போட்டிருந்தால் வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள், திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ளலாம். மதியம் சாப்பாட்டுக்குக் கடை சாத்துவார், மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனால் கூட்டம் குறைவு. செவ்வாய்க்கிழமை பார்சல் வருகிற நாள், அன்று அவர் வாசலில் இருக்க மாட்டார்.